ஒரே சாட்சி, இரண்டு பேச்சு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3 அன்று கோயிலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2005இல் உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்சாட்சிகள், அப்ரூவர் உட்பட. 2013 நவம்பர் 27இல் குற்றம் சாட்டப்பட்டிருந்த 23 பேரும் விடுதலையானார்கள்.

போலீசிடம் அந்த 83 பேர் முன்பு சொன்னதாக எழுதப்பட்டவை என்னவாயின? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பிறழ்ந்தவரை நீதிமன்ற அனுமதியோடு அரசு வக்கீலே குறுக்கு விசாரணை செய்வார். அந்த வரிகளைக் காட்டி "இப்படிச் சொன்னீர்களா?" என்பார். "சொல்லவில்லை." பிறகு விசாரணை அதிகாரி கூண்டேறி, "சொன்னார்" என்பார். இவ்வளவுக்கும் பலன், சாட்சியின் நம்பகம் குறைவதுதான். பழைய பேச்சு குற்றத்துக்கு ஆதாரமாகாது.

வழக்கு நடந்த புதுச்சேரி ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சு முறை வேறு. 1808இன் குற்றவிசாரணைத் தொகுப்புப்படி, சாட்சி விசாரணை நீதிபதி முன் சத்தியம் செய்து பேசுவார். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு மன்றத்தில் மாற்றிச் சொன்னால், எது மாறியது என்று எழுத்தர் குறித்துக்கொள்வார். இரண்டில் எதை நம்புவது என்பது தீர்ப்பளிப்பவரின் மனசாட்சியைப் பொறுத்தது. இன்றைய பிரான்ஸின் சட்டத்திலும் இவை இருக்கின்றன. புதுச்சேரியில் 1960களில் இந்திய நடைமுறை வந்தது.

இந்தியச் சட்டத்தின் சந்தேகம் நியாயமானதே. ஸ்டேஷனில் யார் சொல்லி யார் எழுதினார்கள் என்பது சுவருக்குத்தான் தெரியும். அதை ஆதாரமாக்கினால் லத்தியே சாட்சி சொல்லும். ஆனால் மாஜிஸ்திரேட் முன் பதிவாகும் 164 வாக்குமூலமும் அதே தட்டில் வைக்கப்படுவது எனக்கு ஒப்பவில்லை. அங்கே பதிவு செய்பவர் போலீஸ் அல்ல, சத்தியமும் உண்டு. இருந்தும் அது முரணைக் காட்டவோ ஒத்திருப்பதைக் காட்டவோ மட்டுமே உதவும். பிரெஞ்சு முறையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை: முதலில் எழுதப்பட்டதன் மீது எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்வி விழுந்திருக்காது. ஆகவே, சாட்சி கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்கு உட்பட்டால் மட்டும், 164 வாக்குமூலத்தையும் எடைபோட நீதிபதிக்கு உரிமை தரலாம்.

2024 ஜூலை 1இல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தன. 161 இப்போது 180, 164 இப்போது 183. எண் மாறியது, விதி மாறவில்லை.