காயத்தில் வார்த்த இரசம்

திருப்பலி முடிந்து இரசக் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பீடச் சிறுவன் ஒருவன் ஒரு நாள் கேட்டான்: "சாமி, ஆண்டவருடைய இரத்தம் என்கிறோமே, இரசம் ஏன் வெள்ளையாக இருக்கிறது?"

நிறத்தைக் குறித்துத் திருச்சபை எதுவும் விதிக்கவில்லை. திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி கேட்பது இவ்வளவே: இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகக் கிடைத்ததாக இருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. வெள்ளை இரசம் பீடத்துகிலில் கறை படியவிடாது என்பதால் பலர் அதனையே விரும்புவர். சிறுவனுக்கு இதைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் காரைக்காலில் வாழும் நமக்கு இக்கேள்வி இத்துடன் முடிந்துவிடுவதில்லை.

1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற ஊர் நம்முடையது. 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறியது. 1962இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. அரசலாறு பாயும் இவ்வூரின் மண் நெல் விளையும் மண், திராட்சைக்கு ஏற்றதன்று. பிரெஞ்சு நாட்டின் வெள்ளைத் திராட்சை மதுக்களுள் தலைசிறந்த ஒன்றின் கதையை, அதனை ஒருபோதும் சுவைத்திராத நாம் அறிந்துகொள்வதில் பயன் உண்டு.

பர்கண்டி நாட்டில் கொர்த்தோன் என்றொரு குன்று இருக்கிறது. அதன் மேற்சரிவில், சுண்ணாம்பு கலந்த வெளிறிய மண்ணில், சார்தொனே என்னும் வெள்ளைத் திராட்சை விளைகிறது. அங்கே பிறக்கும் மதுவுக்குக் கொர்த்தோன்-சார்லமாஞ் என்று பெயர். பேரரசர் சார்லமாஞ் செம்மது அருந்துகையில் அவரது நரைத்த தாடி கறைபட்டதாம். அது கண்டு பொறாத அரசி, அங்கே வெள்ளைத் திராட்சையை நடச் செய்தாராம். இது கதை. 775ஆம் ஆண்டில் அப்பேரரசர் அந்நிலத்தைச் சோலியூ நகரின் புனித அந்தோஷ் ஆலயத்துக்கு அளித்தார் என்பது மரபு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அது திருச்சபையிடம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789இல், திருச்சபைச் சொத்துக்கள் நாட்டுடைமையாயின. இன்று அக்குன்று பலருக்குச் சொந்தம். அவர்களுள் ஒருவர் தனிமனிதர் அல்லர். அது ஒரு மருத்துவமனை.

அண்மையிலுள்ள போன் நகரில் 1443 ஆகஸ்டு 4ஆம் நாள், பர்கண்டிக் கோமகனின் முதன்மை அமைச்சர் நிக்கோலா ரோலேனும் அவர் மனைவி கிகோன் தெ சலேனும் ஏழைகளுக்காக அம்மருத்துவமனையை நிறுவினர். போரும் கொள்ளையும் பஞ்சமும் மக்களை வாட்டிய காலம் அது. 1452 சனவரி முதல் நாளில் முதல் நோயாளர் சேர்க்கப்பட்டார். நீண்ட கூடத்தின் இருபுறமும் கட்டில்கள், கோடியில் பீடம். படுக்கையில் இருந்தபடியே ஏழை திருப்பலி காணலாம். பீடத்துக்கென ரோகியர் வான் தெர் வெய்தன் தீட்டிய பொதுத்தீர்வை ஓவியம் இன்றும் அங்கே இருக்கிறது. இம்மருத்துவமனைக்கு 1457 முதல் செல்வர்கள் தங்கள் திராட்சைத் தோட்டங்களைத் தானமாக எழுதி வைத்தனர். அவற்றின் பரப்பு இன்று ஏறத்தாழ 60 எக்டேர். கொர்த்தோன்-சார்லமாஞ் மதுவின் பீப்பாய்கள் பிரான்சுவா தெ சலேன் என்ற கொடையாளரின் பெயரைத் தாங்குகின்றன. 1859 முதல் அவ்வாண்டு மதுவை ஏலம் விடுகிறார்கள். நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று உலகச் செல்வர்கள் அங்கே விலை கேட்கின்றனர். பணம் மருத்துவமனைக்குச் செல்கிறது. பழைய கட்டடம் 1971 வரை மருத்துவமனையாகவே இயங்கியது. இன்று அது அருங்காட்சியகம். நோயாளர் பணி புதிய கட்டடங்களில் தொடர்கிறது.

ரோலேன் புனிதரல்லர். அதிகாரத்தால் பெருஞ்செல்வம் சேர்த்தவர். இத்தனை பேரை ஏழையாக்கியவர் அவர்களுக்கு ஓர் இல்லம் கட்டுவது நியாயந்தான் என்று பதினோராம் லூயி மன்னர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. இருக்கட்டும். மனச்சான்று உறுத்தியேனும் அவர் கொடுத்தார்.

இங்கே நம் ஊருக்குத் திரும்புவோம். சுற்றியுள்ள தமிழ்நாட்டைக் காட்டிலும் காரைக்காலில் மது மலிவு என்பது நெடுங்காலமாக எல்லாரும் அறிந்தது. எல்லை கடந்து வருவோரும் பலர். மது வரி அரசின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. அந்தப் பணத்திலும் மருத்துவமனைகள் நடக்கத்தானே செய்கின்றன என்று சிலர் கேட்பர். அப்படியானால் போன் நகருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு உண்டு. அங்கே செல்வர் தோட்டத்தைக் கொடுத்தார். செல்வர் மதுவை வாங்கினார். ஏழை நலம் பெற்றார். இங்கே ஏழையே குடிக்கிறார். அவர் வீட்டு அடுப்பே அதன் விலையைச் செலுத்துகிறது. பின்னர் நலம் கெட்டு அவரே அரசு மருத்துவமனையின் வாயிலில் நிற்கிறார். அடக்கத் திருப்பலிகளில் இளம் கைம்பெண்களின் முகங்களைக் கண்டவர்க்கு இது விளங்கும்.

கானாவூரில் தண்ணீரை இரசமாக்கிய ஆண்டவரின் சீடர் நாம். மதுவைத் தீயதென்று நாம் சொல்வதில்லை. நல்ல சமாரியர் அடிபட்டுக் கிடந்தவரின் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். விடுதிக்காரரிடம் இரண்டு தெனாரியமும் கொடுத்தார். மது என்ன என்பதைவிட, அது யாருடைய பையிலிருந்து வந்து யாருடைய காயத்துக்குச் செல்கிறது என்பதே நற்செய்தியின் கேள்வி.

நம் வீடுகளில் திருமுழுக்கும் முதல் நற்கருணையும் நடக்கும் நாளில், விருந்துப் பந்தலுக்குப் பின்புறம் மதுக் குப்பிகள் திறக்கப்படுவதை நாம் அறிவோம். அச்செலவை அந்த ஒரு நாள் மட்டும் நிறுத்தி, பங்கில் நோயுற்றிருக்கும் ஒருவரின் மருந்துக்குக் கொடுத்தால் என்ன? காணிக்கைப் பவனியில் அந்த வெள்ளை இரசத்தைப் பீடத்துக்குக் கொண்டு வரும் கைகள் நம்முடையவை. அதே கைகள் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின் எதை ஏந்துகின்றன என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.