மனநலக் கல்வியும் சொல்வழக்கும்: பெங்களூர் நிறுவன வரலாற்றை முன்வைத்து

1. முன்னுரை

பள்ளிகளில் மனநலம் கற்பித்தல் மருத்துவம், கல்வியியல் ஆகிய துறைகளுக்கு மட்டுமே உரிய பொருளன்று. அப்பாடத்தைத் தாங்கி நிற்கும் சொற்களின் வரலாறும் ஆராயத்தக்கது. பெங்களூரிலுள்ள நிமான்ஸ் நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. பெயர் மாற்றமும் இழிபொருட்பேறும்

1847இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற காப்பகத்தின் ஆங்கிலப் பெயரில் 'லூனடிக்' என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. திங்களைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த இச்சொல், மதியின் வளர்தேய்வால் அறிவு திரியும் என்னும் பழைய நம்பிக்கையின் எச்சமாகும். 1925இல் மைசூர் அரசு அப்பெயரை 'மெண்டல் ஹாஸ்பிடல்' என மாற்றியது. இந்திய அரசு 1954இல் அமைத்த அகில இந்திய மனநலக் கழகமும் இம்மருத்துவமனையும் இணைந்து, 1974 டிசம்பர் 27இல் நிமான்ஸ் உருவாயிற்று. பித்து, மனம், நலம் என இப்பெயர்கள் படிப்படியாக நகர்ந்தமை காண்க. 1912ஆம் ஆண்டுச் சட்டப் பெயரிலிருந்த 'லூனசி' என்னும் சொல்லும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீங்கியது.

எனினும், பேச்சு வழக்கில் 'மெண்டல்' என்பதே வசைச்சொல்லாயிற்று. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரும் அவ்வாறே இழிபொருள் பெற்றது. சொல்லை மாற்றுவதால் மட்டும் மனப்பாங்கு மாறுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

3. வகுப்பறை

1990களில் உலக நலவாழ்வு நிறுவனம் தன்னையறிதல், ஒத்துணர்வு, உணர்ச்சிகளைக் கையாளுதல் முதலிய பத்து வாழ்க்கைத் திறன்களை வகுத்தது. இவற்றை ஆசிரியர் வழியாகவே மாணவர்க்குப் பயிற்றும் முறையை நிமான்ஸ் கர்நாடகப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. 2010இல் வெளியான அதன் ஆய்வு, பயிற்சி பெற்ற 605 மாணவரைப் பெறாத 423 மாணவருடன் ஒப்பிட்டது. தன்மதிப்பு, இடர்களை எதிர்கொள்ளும் திறன், ஆசிரியரோடும் பள்ளியோடும் இணங்கிப்போதல் ஆகியவற்றில் முன்னவர் மேம்பட்டிருந்தனர். ஆயின் வீட்டுச் சூழலோடு இணங்கிப்போவதில் வேறுபாடு காணப்படவில்லை.

4. வீட்டுமொழி

இவ்விடத்தில் மொழியின் பங்கு நோக்கத்தக்கது. பெங்களூரில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட பிள்ளைகள் பலர் கன்னடம் அல்லது ஆங்கிலம் வழியே பயில்கின்றனர். கன்னடத்தில் நெருக்கடியைக் குறிக்க 'ஒத்தட' என்றும் சோர்வுநோயைக் குறிக்க 'கின்னதெ' என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தமிழில் 'மனச்சோர்வு' என்னும் சொல் இருந்தும், 'மன அழுத்தம்' என்பதே இரண்டிற்கும் வழங்குகிறது. தேர்வு அச்சமும் மருத்துவரை நாடவேண்டிய நோயும் ஒரே சொல்லில் அடங்கும்போது, பின்னதையும் முன்னதாகக் கருதி வாளாவிருக்க நேரிடும்.

அதே வேளையில், மனம் நோதல், மனம் கனத்தல், மனம் விட்டுப்போதல், மனம் உடைதல் என வீட்டுத் தமிழ் துயரின் படிநிலைகளை நுட்பமாகப் பகுக்கிறது. பிள்ளை தன் துயரை முதலில் சொல்வது இச்சொற்களிலேயாம்.

5. முடிவுரை

எனவே, மனநலப் பாடம் கலைச்சொற்களை மொழிபெயர்ப்பதோடு அமையாது, மாணவரின் வீட்டு வழக்குகளிலிருந்து தொடங்குதல் வேண்டும். பாடம் எழுதுவோர் அவ்வழக்குகளைத் தொகுப்பதும், அழுத்தத்தையும் சோர்வையும் சொல்லளவில் பிரித்துக் காட்டுவதும் முதற்பணிகளாகும்.