சத்தத்தைக் குறையுங்கள் என்று ரசிகர்கள் கொடுத்த மனு

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மனு என்ற சொல் புதிதல்ல. குழாயில் தண்ணீர் வரவில்லை, பட்டாவில் பெயர் தவறு, முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை என்று வரும் தாள்களுக்கு எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, மேலே அனுப்புவதிலேயே என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி கழிந்தது. அதனால் யார் யாருக்கு மனு கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டாலும் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்று எழுதப் போவதும் ஒரு மனுவின் வரலாறுதான். 2008ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு அமெரிக்க ராக் இசைக்குழுவுக்குக் கொடுத்த மனு அது. உங்கள் புதிய இசைத்தட்டு அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கிறது, அதைத் திரும்பக் கலந்து வெளியிட வேண்டும் என்பதே கோரிக்கை.

மனு கொடுத்தவர்கள் தூக்கம் கெட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் அல்ல. அந்தக் குழுவின் சொந்த ரசிகர்கள். இருபது, இருபத்தைந்து வருடமாகக் காதைப் பிளக்கும் அந்த இசையைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்டவர்கள். அவர்களே சத்தம் அதிகம் என்று சொன்னால், விஷயம் வேறு ஏதோ என்றுதானே அர்த்தம்?

பாரீசில் இருக்கும் என் அண்ணன் மகன்தான் முதலில் இதைச் சொன்னான். எங்கள் குடும்பமும் புதுச்சேரியின் பல சொல்தா குடும்பங்களைப் போலப் பாதி இங்கே, பாதி அங்கே. "சித்தப்பா, அஞ்சு வருஷமா காத்திருந்து வாங்கினேன். பாட்டு பிரமாதம். ஆனா அரை மணி கேட்டா தலை வலிக்குது" என்றான் தொலைபேசியில். எனக்கு அந்த இசை பழக்கமில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த வருத்தம் புரிந்தது. பிறகு அவன் அனுப்பிய பிரெஞ்சுப் பத்திரிகைகளையும், கிடைத்த மற்றவற்றையும் படித்தேன்.

குழுவின் பெயர் மெட்டாலிகா. 1981ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் லார்ஸ் உல்ரிக், ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் என்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. உல்ரிக் டென்மார்க்கில் பிறந்தவர், டென்னிஸ் ஆட்டக்காரரின் மகன், டிரம்ஸ் வாசிப்பவர். ஹெட்ஃபீல்ட் பாடகர், கிட்டார்காரர். வேகமும் கனமும் கலந்த அவர்களுடைய வாசிப்புக்கு உலகமெங்கும் ஒரு பெருங்கூட்டம் சேர்ந்தது. 1986ல் சுவீடனில் அவர்கள் பயணம் செய்த பேருந்து கவிழ்ந்து, பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 24 வயதில் இறந்துபோனார். ரசிகர்கள் இன்றும் அவரை வீட்டுப் பிள்ளை போலப் பேசுகிறார்கள்.

இந்த ரசிகர்கள் கைதட்டுவதோடு நிற்பவர்கள் அல்ல. ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு குறைப்பட்டியல் உண்டு. 1988ல் வந்த தட்டில், பர்ட்டனின் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் காதில் விழவே இல்லை. அது ஏன் என்று முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 1991ல் கறுப்பு அட்டையோடு வந்த தட்டு கோடிக்கணக்கில் விற்றது. பழைய ரசிகர்களில் பலர் வேகம் போய்விட்டது என்று முகம் சுளித்தார்கள். 1996ல் நால்வரும் நீண்ட தலைமுடியை வெட்டிக்கொண்டு படத்தில் நின்றார்கள். அதற்கும் ஒரு சண்டை! 2000ல் நாப்ஸ்டர் என்ற இணையப் பரிமாற்ற நிறுவனத்தின் மீது குழு வழக்குப் போட்டது. பாட்டைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டதாக 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார் உல்ரிக். தன் ரசிகர்கள் மீதே புகார் எழுதிய குழு என்ற பெயர் அப்போது ஒட்டியது. 2003ல் வந்த 'செயின்ட் ஆங்கர்' தட்டில் கிட்டார் தனி ஆவர்த்தனமே கிடையாது. டிரம்ஸோ தகர டப்பாவைத் தட்டுவது போல ஒலித்தது. ரசிகர்கள் நொந்துபோனார்கள்.

அதனால் அடுத்த தட்டின் மேல் எதிர்பார்ப்பு அதிகம். தயாரிப்பாளரை மாற்றினார்கள். வந்தவர் ரிக் ரூபின். முதுமையில் ஜானி கேஷ் என்ற நாட்டுப்புறப் பாடகரை ஒற்றைக் கிட்டாரோடு உட்கார வைத்து, அவருடைய நடுங்கும் குரலை உலகம் கேட்கும்படி பதிவு செய்தவர் இவர். பழைய மெட்டாலிகாவைத் திரும்பக் கொண்டுவருவார் என்று நம்பிக்கை பிறந்தது. 'டெத் மேக்னெட்டிக்' என்ற அந்தத் தட்டு 2008 செப்டம்பர் 12 அன்று வெளிவருவதாக அறிவிப்பு.

ஆனால் பிரான்சில் ஒரு கடை முந்திக்கொண்டது. செப்டம்பர் 2 அன்றே தட்டை எடுத்து விற்க ஆரம்பித்துவிட்டது. சில மணி நேரத்தில் பாட்டுகள் இணையத்தில் உலகம் சுற்றின. நாப்ஸ்டர் காலத்து உல்ரிக் இப்போதும் வக்கீலைக் கூப்பிடுவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவரோ, இந்தக் காலத்தில் இப்படித்தான் நடக்கும், பரவாயில்லை என்ற தோரணையில் வானொலி ஒன்றில் பேசினார். எட்டு வருடத்தில் மனிதர் மாறியிருந்தார்.

முதல் சில நாட்கள் கொண்டாட்டம்தான். வேகம் திரும்பிவிட்டது, தனி ஆவர்த்தனம் திரும்பிவிட்டது, ஏழெட்டு நிமிடப் பாட்டுகள் திரும்பிவிட்டன. அமெரிக்காவில் மூன்றே நாளில் சுமார் 4,90,000 பிரதிகள் விற்று முதலிடம் பிடித்தது. அந்த மகிழ்ச்சிக்கு நடுவில்தான் சிலர் காதைத் தேய்த்துக்கொண்டார்கள். ஏதோ கரகரப்பு. பெரிய அடி விழும் இடமெல்லாம் ஒலி நசுங்கியது போல இருக்கிறது. நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் இன்னும் மோசம்.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது ஒரு விளையாட்டு. 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டுக்கும் இதே பாட்டுகள் தரப்பட்டிருந்தன. அந்த விளையாட்டுக்குக் கிட்டார், டிரம்ஸ், பேஸ் எல்லாம் தனித்தனித் தடங்களாக வேண்டும். அதனால் கடைசிக் கட்டத்தில் சேர்த்து நசுக்கப்படாத ஒலி அதில் இருந்தது. ரசிகர்கள் இரண்டையும் பதிவு செய்து, ஒலி அலையைப் படமாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். விளையாட்டில் இருந்தது தென்னந்தோப்பு போல ஏற்ற இறக்கமாக நின்றது. தட்டில் இருந்ததோ தலை வெட்டிய மதில் சுவர். ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களும் இதைச் செங்கல் சுவர் என்றுதான் சொல்கிறார்கள்.

இது எப்படி வந்தது? இதற்கு நீண்ட வரலாறு உண்டு. நம் காலத்துக் கறுப்பு இசைத்தட்டுகளில் சத்தத்துக்கு ஒரு இயற்கையான எல்லை இருந்தது. சத்தம் கூடினால் ஊசி ஓடும் தடம் அகலமாகும். ஒரு பக்கத்தில் பிடிக்கும் நேரம் குறையும். எல்லை மீறினால் ஊசியே துள்ளிவிடும். அப்போதும் போட்டி இல்லாமல் இல்லை. ஓட்டல்களில் காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ் பெட்டியில், பக்கத்துத் தட்டைவிட நம் தட்டு சற்று எடுப்பாகக் கேட்க வேண்டும் என்று கம்பெனிகள் நினைத்தன. ஒரே பாட்டை இரண்டு அளவில் அடுத்தடுத்துப் போட்டால், சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாக மனிதக் காதுக்குத் தோன்றும். இந்தப் பலவீனத்தின் மேல்தான் போட்டி முழுவதும் நின்றது.

1982ல் சி.டி. வந்தது. மெல்லியது முதல் பெரியது வரை பழைய தட்டைவிட அதிக அகலத்தை அதில் அடக்கலாம். ஆனால் அதற்கு மேலே ஒரு கூரை உண்டு, அதைத் தாண்ட முடியாது. கூரைக்கு மேல் போக முடியாது என்றதும் என்ன செய்தார்கள்? தரையை உயர்த்தினார்கள். மெல்லிய ஒலிகளை எல்லாம் தூக்கி, பெரிய ஒலிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். 1990களில் ஆரம்பித்து வருடா வருடம் இது கூடிக்கொண்டே போனது. அதற்கும் மேல் தள்ளினால் அலையின் தலை கூரையில் இடித்துத் தட்டையாகும். அந்த இடத்தில்தான் கரகரப்பு பிறக்கிறது.

எங்கள் அலுவலகத்துப் பழக்கத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். கோப்பின் மேல் 'உடனடி' என்று சிவப்புச் சீட்டு வைப்பார்கள். பத்தில் ஒன்றுக்கு வைத்தால் அதிகாரி அதை முதலில் எடுப்பார். பத்துக்கும் வைத்தால் எதுவும் உடனடி இல்லை. இசையிலும் அப்படித்தான். மெல்லிய இடம் இருந்தால்தான் இடி இடியாகக் கேட்கும்.

மனு இணையத்தில் கையெழுத்துகளைச் சேர்க்கத் தொடங்கியது. இதற்கிடையில் ஒரு ரசிகர், தட்டின் இறுதி மெருகேற்றும் வேலையைச் செய்த டெட் ஜென்சன் என்ற புகழ்பெற்ற பொறியாளருக்கே கடிதம் எழுதிக் கேட்டார். அவர் மறைக்கவில்லை. தன் கைக்கு வரும்போதே ஒலி நசுக்கப்பட்டுத்தான் வந்தது என்றும், இந்த வேலையோடு தன் பெயர் சேர்ந்திருப்பதில் தனக்குப் பெருமை இல்லை என்றும் பதில் எழுதினார். கீழ்நிலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பதிலின் கனம் தெரியும். குழுவின் தரப்போ அசையவில்லை. காரில் போட்டுக் கேட்டேன், அருமையாக இருக்கிறது என்ற பாணியில் பேசினார் உல்ரிக். பெரும்பாலான ரசிகர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றது நிர்வாகம். விற்பனையும் அதைத்தான் சொன்னது. அடுத்த வருடம் கிராமி விருதுகளும் வந்தன. எங்கள் பாஷையில் சொன்னால், மனு பார்வையிடப்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை.

பள்ளியில் எங்களுக்குப் பிரான்ஸ் தேச வரலாறுதான் பாடம். 1789ல் புரட்சிக்கு முன், மன்னர் சபையைக் கூட்டியபோது, ஊர் ஊராக மக்கள் தங்கள் குறைகளை ஏடுகளில் எழுதி அனுப்பினார்கள். 'காயே த தொலெயான்ஸ்' என்று பெயர். அந்த ஏடுகளில் பலவற்றில் எழுதியவர்கள் மன்னரை வெறுக்கவில்லை. மன்னர் நல்லவர், அவருக்கு விஷயம் தெரிந்தால் சரிசெய்வார் என்று நம்பித்தான் உப்பு வரியைப் பற்றி எழுதினார்கள். மெட்டாலிகா ரசிகர்களின் மனுவும் அந்த ஜாதிதான். வேண்டாதவன் மனு கொடுக்க மாட்டான், தட்டை வாங்காமல் போய்விடுவான். பாட்டு நன்றாக இருந்ததால்தான் இவர்களுக்கு வலித்தது. மோசமான பாட்டாக இருந்திருந்தால் அதன் ஒலி நசுங்கினால் என்ன, நசுங்காவிட்டால் என்ன?

எனக்கு இதில் சொந்த அக்கறை ஒன்றும் உண்டு. சில வருடமாகக் காதில் கருவி மாட்டியிருக்கிறேன். பொருத்திய மருத்துவர் அதன் வேலையை விளக்கினார்: மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும், பெரிய ஒலியை அடக்கிக் கொடுக்கும். அந்தச் சி.டி.யில் செய்ததும் இதே வகை வேலைதான். மருந்துக்கும் அளவு உண்டு என்பதுதான் வித்தியாசம். கருவி இல்லாவிட்டால் பேரக்குழந்தை பேசுவது கேட்காது, அதனால் அது எனக்கு வரம். ஆனால் சமையலறையில் பாத்திரம் வைக்கும் ஓசையும் வாசலில் கூப்பிடும் குரலும் ஒரே தூரத்தில் இருந்து வருவது போலத் தோன்றும். நல்ல காது உள்ளவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு இந்தக் குறையை விற்றால், அவர்கள் மனு கொடுத்தது நியாயம்தான் என்பது என் கட்சி.

மனு முற்றிலும் வீண் போகவில்லை. மெட்டாலிகா பெயர் அடிபட்டதால், ஒலிப் பொறியாளர்களுக்குள் மட்டும் இருந்த விவாதம் செய்தித்தாள்களுக்கு வந்தது. இயன் ஷெப்பர்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கென்றே 2010 முதல் வருடத்தில் ஒரு நாளை ஒதுக்கிப் பிரசாரம் செய்தார். 2015ல் இதே தட்டு இணைய விற்பனைக்காக நெரிசல் குறைந்த பதிப்பாக வந்தது. ஏழு வருடம் கழித்து! இப்போது பாட்டுக் கேட்க வைக்கும் பெரிய இணையச் சேவைகள் பலவும் எல்லாப் பாட்டையும் சராசரியில் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் போடுகின்றன. கத்திப் பாடினாலும் கூடுதல் இடம் கிடைக்காது.

நம் வீட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தொலைக்காட்சியில் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விளம்பரம் வந்தால் ரிமோட்டைத் தேடி ஓடுகிறோமே, அதுவும் இதே நசுக்கல்தான். அமெரிக்காவில் விளம்பரம் நிகழ்ச்சியைவிடச் சத்தமாக இருக்கக்கூடாது என்று 2010ல் சட்டம் போட்டு, 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கும் அடியில் இருந்தது மக்கள் வருடக்கணக்காக அனுப்பிய புகார்கள்தான். உங்கள் வீட்டு டி.வி.யில் எந்த விளம்பரம் அதிகமாகக் கத்துகிறது என்று கீழே எழுதுங்கள். பட்டியல் போட்டு வைப்போம். மனு எழுதும் பழக்கம் எனக்கு இன்னும் விட்டுப் போகவில்லை.