பாலனைப் பொதிந்த துணி

கிறிஸ்து பிறப்பு விழா நாள்களில் நம் ஆலயங்களில் அமைக்கப்படும் குடிலைச் சற்று உற்று நோக்குங்கள். வைக்கோலின் மேல் பாலன் இயேசு இரு கைகளையும் விரித்தபடி கிடக்கிறார். இடையில் ஒரு சிறு துணி மட்டுமே இருக்கும். ஆனால் லூக்கா காட்டும் காட்சி இதுவன்று. அன்னை மரியா தம் மகனைத் துணிகளால் சுற்றிய பின்னரே தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்று அவர் எழுதுகிறார். வானதூதர் இடையர்களுக்குச் சொன்ன அடையாளத்திலும் அத்துணி உண்டு. அதை நாம் எங்கே தொலைத்தோம்?

பிறந்த பிள்ளையைத் துணியால் இறுகச் சுற்றி வைப்பது பண்டைய உலகின் பொது வழக்கம். இறைவாக்கினர் எசேக்கியேல் தம் நூலின் 16ஆம் அதிகாரத்தில் எருசலேமைக் கைவிடப்பட்ட பெண் சிசுவாக உருவகிக்கிறார். தொப்புள் கொடியை அறுக்கவும், நீராட்டவும், உப்பிட்டுத் தேய்க்கவும், துணியில் சுற்றவும் அதற்கு எவருமில்லை. சுற்றுவாரற்ற பிள்ளை உரிமை கொண்டாடுவாரற்ற பிள்ளை என்பதே இதன் பொருள். சாலமோனின் ஞான நூலில் (7ஆம் அதிகாரம்) அரசரோ, தாமும் எல்லாரையும் போலத் துணியில் பொதிந்தே பேணப்பட்டதாகக் கூறுகிறார். ஆகவே, பெத்லகேமில் வறுமையைச் சொல்வது தீவனத் தொட்டியே. துணி சொல்வது தாயின் பராமரிப்பை. நம் வீடுகளிலும், துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியோ சேலையோதானே பிள்ளையின் முதல் போர்வை!

கிரேக்கரும் உரோமையரும் இவ்வழக்கத்திற்கு வேறொரு காரணமும் கண்டனர். பிஞ்சு உடல் மெழுகு போன்றது. கட்டி வைத்தால்தான் கைகால்கள் கோணாமல் வளரும் என நம்பினர். இரண்டு வயது வரை பிள்ளையைச் சுற்றி வைக்க வேண்டும் என்று பிளேட்டோ 'சட்டங்கள்' என்னும் நூலில் எழுதினார். ஸ்பார்ட்டா நகரச் செவிலியர் மட்டும் பிள்ளைகளைக் கட்டாமலே வளர்த்தனர் என்கிறார் புளூட்டார்க். இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் மருத்துவம் செய்த எபேசு நகரத்துச் சொரானுஸ், மென்மையான கம்பளிப் பட்டைகளால் சுற்றும் முறையை விரிவாக விளக்கியுள்ளார்.

ஓவியர்களும் பாலனை இவ்வாறே வரைந்தனர். இத்தாலியின் பதுவை நகரச் சிற்றாலயத்தில் 1305ஆம் ஆண்டளவில் ஜோத்தோ தீட்டிய சுவரோவியத்தில் இயேசு துணியால் சுற்றப்பட்டே இருக்கிறார். 1372இல் பெத்லகேமுக்குத் திருப்பயணம் சென்ற சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா, ஆடையற்ற குழந்தை ஒளிவீசித் தரையில் கிடப்பதைக் காட்சியில் கண்டார். அதன் பின் ஓவியர் பலர் அக்காட்சியையே பின்பற்றினர். நம் குடில் பாலனின் விரிந்த கைகளுக்குப் பின்னே இவ்வரலாறும் இருக்கிறது.

துணியின் வேறொரு வரலாற்றைக் காண பிளாரன்ஸ் நகருக்குச் செல்ல வேண்டும். பட்டு வணிகர் சங்கத்தார் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கென எழுப்பிய 'மாசில்லாக் குழந்தைகள்' இல்லம் 1445இல் திறக்கப்பட்டது. 1487ஆம் ஆண்டளவில் அந்திரேயா தெல்லா ரொபியா அதன் முகப்பில் சுடுமண் வட்டங்களைப் பதித்தார். நீலப் பின்னணியில், துணி சுற்றிய வெண்ணிறக் குழந்தைகள் கைகளை விரித்து நிற்கின்றன. சிலவற்றின் கட்டு நெகிழ்ந்து சரிகிறது. பிற்காலத்தில் பெற்றோர் சிலர் நாணயத்தையோ பதக்கத்தையோ இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பிள்ளையின் துணிக்குள் வைத்து அனுப்பினர். என்றேனும் மீட்க வரும்போது மற்றப் பாதி சாட்சியாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பாதிகள் பல, பொருந்தாமலே இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் கிடக்கின்றன. கைவிட்ட கையும் துணியைச் சுற்றித்தான் கைவிட்டது!

பதினெட்டாம் நூற்றாண்டில் எதிர்ப்பு எழுந்தது. 1748இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கடோகன் இறுக்கக் கட்டுவதைக் கண்டித்தார். 1762இல் வெளிவந்த 'எமில்' நூலில் ரூசோ இன்னும் கடுமையாகச் சாடினார். கூலிச் செவிலியர் பிள்ளையைக் கட்டி ஆணியில் தொங்கவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் அதே ரூசோ தமக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் பாரீசில் கைவிடப்பட்ட பிள்ளைகளின் இல்லத்திற்கு அனுப்பிவிட்டார். கட்டை அவிழ்க்கச் சொன்னவர், தம் பிள்ளைகளை அணைக்கத் தவறினார்.

இன்றைய மருத்துவம் இரு பக்கமும் உண்மை இருப்பதைக் காட்டுகிறது. சுற்றப்பட்ட பச்சிளங்குழந்தை திடுக்கிட்டுக் கைகளை உதறி விழிப்பது குறைகிறது; அழுகை தணிகிறது; உறக்கம் நீள்கிறது. ஆயினும் கால்களை நேராக நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து உண்டு. ஜப்பானில் 1975இல் தொடங்கிய விழிப்புணர்வு இயக்கம், கால்களை மடங்கி அசைய விடுமாறு தாய்மாருக்குக் கற்பித்தது; அதன் பின் அக்குறை வெகுவாகக் குறைந்தது. சுற்றிய பிள்ளையை மல்லாந்தே உறங்கச் செய்ய வேண்டும். உடல் வெப்பமேறாமல் காக்க வேண்டும். புரள முயலும் அறிகுறி தென்பட்டவுடன் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும் என்கின்றனர் மருத்துவர்.

ஆக, நல்லதும் தீயதும் துணியில் இல்லை. யாருடைய வசதிக்காகச் சுற்றுகிறோம் என்பதே கேள்வி. பிள்ளையின் அமைதிக்காகச் சுற்றும் கை, அது புரளத் தொடங்கும் நாளில் தானே அவிழ்த்துவிடும். தன் வசதிக்காகக் கட்டும் கைக்கோ அவிழ்க்கும் நேரம் தெரியாது. பிள்ளைகள் வளர்ந்து, தம் வழியைத் தாமே தேடும் வயதிலும் பெற்றோராகிய நம் முன் நிற்பது இதே கேள்விதான். பெத்லகேமில் சுற்றிய அன்னை, பின்னாளில் தம் மகன் நாசரேத்தை விட்டுச் செல்லவும் இடம் கொடுத்தார்.

அடுத்த முறை குடிலில் பாலனை வைக்கும்போது, அருகில் ஒரு சிறு பருத்தித் துணியையும் மடித்து வையுங்கள். அது என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்வதற்கு நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது.