திருமயம் கோட்டையை ஏன் இடிக்கவில்லை?

அன்னவாசல் என்றாலே "சித்தன்னவாசலா?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஓவியங்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இது திருமயம் போன கதை.

மலாக்காவில் இருக்கும் சித்தப்பா குடும்பம் லீவுக்கு வந்திருந்தது. புளிச்சோறு கட்டிக்கொண்டு, புதுக்கோட்டையில் பஸ் மாறி, திருமயம் போய் இறங்கும்போது நல்ல வெயில். சித்தப்பா பையன் எட்டாவது படிக்கிறான். மேலே பீரங்கி இருக்கும் மேடைக்கு மூச்சு வாங்க ஏறியதும், "அண்ணே, எங்க ஊரு கோட்டையில ஒரே ஒரு வாசல்தான் மிச்சம். இது மட்டும் எப்படி முழுசா நிக்குது?" என்றான்.

அவன் சொன்னது சரிதான். 1511-ல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டையை ஆங்கிலேயர் 1807 வாக்கில் இடித்துத் தள்ளினார்கள். ராஃபிள்ஸ் தலையிட்டதால் ஒரு வாசல் தப்பியது.

திருமயம் கோட்டையைக் கட்டியவர் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, 1687-ல். அவர் மணந்தது தொண்டைமான் வீட்டுப் பெண்ணை. மைத்துனர் ரகுநாதராயத் தொண்டைமான்தான் புதுக்கோட்டை அரசைத் தொடங்கியவர். கோட்டை பிறகு தொண்டைமான்கள் கைக்கு வந்தது. 1733-ல் தஞ்சாவூர்ப் படை புதுக்கோட்டைச் சீமையைச் சூறையாடியபோது மன்னர் ஒளிந்து தப்பியது இதற்குள்தான். ஏழு சுற்று மதில் இருந்ததாம். இப்போது நான்குதான். சரிந்த பாறையில் பாதி உயரத்தில் ஒரு குடைவு, உள்ளே லிங்கம். இரும்பு ஏணியில் ஏறவேண்டும். சித்தி கீழேயே நின்றுவிட்டார்கள் :-)

தம்பி கேள்விக்கு வருகிறேன். கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சியை விட்டுத் தப்பி வந்து ஒளிந்தது புதுக்கோட்டைச் சீமையின் திருக்களம்பூர்க் காட்டில். தொண்டைமான் ஆட்கள் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். 1799 அக்டோபர் 16, கயத்தாற்றில் தூக்கு. 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். அதையும் பிடித்து, அவரையும் நவம்பரில் தூக்கிலிட்டுவிட்டு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். மற்ற பாளையக்காரர் கோட்டைகளுக்கும் அதே கதி. இன்று பாஞ்சாலங்குறிச்சியில் நாம் பார்க்கும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

திருமயத்தை யாரும் தொடவில்லை. கர்நாடகப் போர்கள் காலத்திலிருந்தே ஆங்கிலேயருக்குத் தோள் கொடுத்தவர்கள் தொண்டைமான்கள். நண்பன் கோட்டையை எதற்கு இடிக்கவேண்டும்? 1803-ல் கீழாநிலைப் பகுதியும் பரிசாகக் கிடைத்தது. அதற்கு வருடம் ஒரு யானை கப்பம் என்று பேச்சு, அதையும் வெள்ளைக்காரன் கேட்டு வாங்கவில்லை!

இதில் வேடிக்கை, சுற்று வட்டாரத்தில் இதற்குப் பெயரே 'ஊமையன் கோட்டை'. ஊமைத்துரையை இங்கே அடைத்து வைத்திருந்ததாகச் சொல்வார்கள். சிறை, தப்பியது, தூக்கு எல்லாம் திருநெல்வேலிப் பக்கம் நடந்திருக்க, இந்தக் கதையை என்னால் அப்படியே நம்ப முடியவில்லை. ஆனால் காட்டிக்கொடுத்த அரசரின் கோட்டைக்கு, காட்டிக்கொடுக்கப்பட்டவரின் தம்பி பெயரைச் சனங்கள் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

புதுக்கோட்டைக்காரன் என்றாலே காலேஜில் "காட்டிக்கொடுத்த ஊரா?" என்று கிண்டல் வரும். எனக்கும் வந்திருக்கிறது. நான் ஒரு பதில் வைத்திருப்பேன்: தொண்டைமானும் கட்டபொம்மனும் வேறு வேறு சீமை, 'இந்தியா' என்ற ஒன்று இருவர் மனதிலும் இல்லை, அரை நூற்றாண்டு நட்பை ஒரு நாளில் முறிக்க முடியாது. அன்றைக்கு அந்தப் பீரங்கிப் பக்கத்தில் நின்று அதையே தம்பியிடம் சொன்னேன்.

"சரிண்ணே. ஆனா அவரு இவங்க காட்டுக்குத்தானே ஒளிய வந்தாரு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யாராவது வரலாறு படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

இறங்கி வந்து தெற்கு அடிவாரத்துக் குடைவரைக் கோயில்களைப் பார்த்தோம். பாறையிலேயே பள்ளிகொண்ட பெருமாள், பக்கத்திலேயே சிவன். இரண்டு தரப்பும் வருமானப் பங்குக்குச் சண்டை போட்டு, 13-ஆம் நூற்றாண்டில் ஒரு ஹொய்சளத் தளபதி வந்து தீர்த்துவைத்தது கல்வெட்டில் இருக்கிறது. மெய்யம்தான் மயம் ஆனதாம். மெய் என்றால் சத்தியம், அதனால்தான் சத்தியமூர்த்திப் பெருமாள். காமராஜரின் குரு தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

புளிச்சோறைக் கோயில் குளக்கரையில் சாப்பிட்டோம். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. தம்பி புதுக்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே கேள்வி கேட்டு வந்தான்.