யார் விலகுவது? தேம்ஸ் நதியில் ஒரு மோதல்

வணிகச் சட்டப் பாடத்தில் கவனக்குறைவு பற்றிப் படிக்கும்போது 'பைவெல் காசில், 1879' என்று ஒரு வழக்கு வந்தது. பரீட்சைக்கு நாலு வரி போதும். ஆனால் அது என்ன கப்பல், எதன் மேல் மோதியது என்று தேடப் போய் ஒரு ராத்திரி தூக்கம் போச்சு.

1878 செப்டம்பர் 3. 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் ஒருநாள் உல்லாசப் பயணம் முடிந்து லண்டனுக்குத் திரும்புகிறது. குழந்தை குட்டிகளோடு நிறைய குடும்பங்கள். பயணிகள் பட்டியலே கிடையாது. உயிர் காக்கும் படகுகள் வெறும் இரண்டு! எதிரே 'பைவெல் காசில்', நிலக்கரி ஏற்றப் போகும் காலிக் கப்பல். இது 890 டன், அது 251 டன்.

எதிரெதிரே வந்தால் இரண்டும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது விதி (நம்ம ஊர் சாலைக்கு நேர் எதிர்). ஆனால் தேம்ஸில் இன்னொரு பழக்கமும் இருந்தது. நீரோட்டத்தை எதிர்த்து வருபவர்கள் வளைவுகளில் கரையை ஒட்டியே போவார்கள். அங்கே இழுப்பு குறைவு, கரியும் மிச்சம். விதிப்புத்தகத்தில் ஒன்று, ஆற்றில் வேறொன்று. கேலியன்ஸ் ரீச் என்ற இடத்தில், இரவு ஏழே முக்கால் வாக்கில், எதிராளி எந்தப் பக்கம் போவான் என்று இரண்டு பேரும் தப்பாகக் கணக்குப் போட்டார்கள்.

நான்கைந்து நிமிடத்தில் பிரின்சஸ் ஆலிஸ் பிளந்து மூழ்கியது. 600 பேருக்கு மேல் பலி. கொடுமை என்னவென்றால், சற்று முன்புதான் லண்டன் நகரத்தின் சாக்கடை முழுவதையும் அங்கே ஆற்றில் திறந்து விட்டிருந்தார்கள். கரையேறியவர்களிலும் சிலர் பிறகு இறந்தார்கள். அடையாளம் தெரியாத சுமார் 120 பேரை வுல்விச் கல்லறையில் ஒன்றாகப் புதைத்தார்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். கடைசி நொடியில் பைவெல் காசிலும் தப்பான பக்கம்தான் திரும்பியது. கீழ்க்கோர்ட்டு இருவர் மீதும் தப்பு என்றது. அப்பீலில், எதிராளி உண்டாக்கிய ஆபத்தில் திகைத்துப்போய் ஒருவன் செய்த பிழையைக் குற்றமாக எடுக்கக் கூடாது என்று சொல்லி, முழுப் பழியையும் பிரின்சஸ் ஆலிஸ் மேல் போட்டார்கள். பரீட்சைக்குரிய நாலு வரி இதுதான்.

எனக்கு இது அவ்வளவாக ஒட்டவில்லை. பிரின்சஸ் ஆலிஸின் கேப்டன் கிரின்ஸ்டெட் மூழ்கிச் செத்துப்போனார். தன் பக்கத்தைச் சொல்ல அவர் கோர்ட்டுக்கு வரவே முடியாது. வளைவில் கரையை ஒட்டிப் போனது அவர் கண்டுபிடித்த பழக்கமும் இல்லை.

விபத்துக்குப் பிறகு, துடுப்புப் படகில் ரோந்து சுற்றிய தேம்ஸ் போலீசுக்கு நீராவிப் படகுகள் கிடைத்தன. 1887 முதல் சாக்கடைக் கழிவைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆனால் 1989 ஆகஸ்டில் அதே நதியில் 'மார்ச்சியோனஸ்' என்ற விருந்துப் படகு மேல் மணல் அள்ளும் கப்பல் மோதி 51 பேர் இறந்தார்கள். தேம்ஸுக்கென்று உயிர்மீட்புப் படகு நிலையங்கள் வந்தது 2002-ல்தான்.