'ரம்பாய்' எழுத்துகளுக்குள் ஓர் ஆங்கிலச் சொல்: எழுத்திலிருந்து சொல் தேடும் முறைகள்

மலாக்கா, ஜாசின் மாவட்டத்தின் தென்பகுதியில், ஜொகூர் எல்லைக்கு அருகில் உள்ளது சுங்கை ரம்பாய். பெயர்ப்பலகையில் ரூமி எழுத்தில் உள்ள 'ரம்பாய்' என்ற பெயரில் ஆறு எழுத்துகள்: ஆர், ஏ, எம், பி, ஏ, ஐ. இந்த ஆறையும் இடம் மாற்றி அடுக்கினால், ஓர் எழுத்தும் மிச்சமில்லாமல் 'அம்பாரி' என்ற ஆங்கிலச் சொல் கிடைக்கும். யானை மேல் வைக்கும் அம்பாரி அல்ல இது. புளிச்சைக் கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு நார்ச்செடியின் பெயர். மலேசியாவில் புகையிலைக்கு மாற்றுப் பயிராக ஊக்குவிக்கப்பட்ட கெனாஃப் செடிதான் அது.

கொடுக்கப்பட்ட எழுத்துகளிலிருந்து சொல் கண்டுபிடிப்பது குறுக்கெழுத்து, ஸ்கிராபிள், வேர்டல் போன்ற விளையாட்டுகளின் அடிப்படை. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கே இது கைவரும் என்ற எண்ணம் தோட்டப்புறங்களில் பரவலாக இருக்கிறது. உண்மையில் இதற்கு முதலில் வேண்டியது சரளமான பேச்சு அல்ல, ஒழுங்கான தேடல் முறை.

இதற்குச் சான்று மலேசியாவிலேயே உண்டு. 2007ஆம் ஆண்டு மும்பையில் நடந்த உலக ஸ்கிராபிள் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குச் சென்று, உலகின் இரண்டாம் இடத்தைப் பெற்றவர் மலேசியரான கணேஷ் ஆசீர்வாதம். அவரை வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறியவர். அதே ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியிலும் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சுமார் ஒன்பது வாரங்கள் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனத்தில் பதித்துக்கொண்டே அவர் களமிறங்கினார்.

எழுத்துகளை அடுக்கும் முறை

முதல் படி, எழுத்துகளை அகர வரிசையில் எழுதுவது. 'ரம்பாய்' எழுத்துகள் ஏ, ஏ, பி, ஐ, எம், ஆர் என்று நிற்கும். அப்போது பழகிய பெயர் கண்ணை மறைக்காது. அடுத்து உயிரெழுத்துகளையும் மெய்யெழுத்துகளையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். இங்கே இரண்டும் மும்மூன்று.

இரண்டாம் படி, சிறிய சொற்களில் தொடங்குவது. ஏர் (காற்று), ஆர்ம் (கை), ரேம் (ஆட்டுக்கடா), ரிப் (விலா எலும்பு), ரிம் (விளிம்பு) ஆகிய மூன்றெழுத்துச் சொற்கள் எளிதில் கிடைக்கும். அவற்றின் முன்னும் பின்னும் மிச்ச எழுத்துகளை ஒட்டிப் பார்க்கவேண்டும். 'ரிம்' சொல்லுக்கு முன் பி சேர்ந்தால் 'பிரிம்'. கோப்பையின் வாய் விளிம்பையும் தொப்பியின் விளிம்பையும் அது குறிக்கும்.

மூன்றாம் படி, அடிக்கடி வரும் ஈறுகளைத் தனியே எடுத்து வைப்பது. 'சுங்கை' என்ற பெயரின் ரூமி எழுத்துகள் எஸ், யூ, என், ஜி, ஏ, ஐ. இதில் ஐ, என், ஜி மூன்றும் சேர்ந்து 'இங்' என்ற ஈறாகும். அதைக் கடைசியில் நிறுத்தினால் 'சிங்' (பாடு), 'யூசிங்' (பயன்படுத்துதல்), 'சூயிங்' (வழக்குத் தொடுத்தல்) ஆகியவை வரிசையாகத் தெரியும். இறுதியில் எஸ் சேர்த்துப் பன்மையாக்குவதும் இதே வழிதான்.

எந்த எழுத்து எத்தனை முறை?

ஸ்கிராபிளை உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அதன்படியே 100 எழுத்துச் சில்லுகள் பிரிக்கப்பட்டன. ஈ 12, ஏ 9, ஐ 9 என்று உள்ளன. கியூ, ஸெட் ஒவ்வொன்றே. அவற்றுக்கு 10 புள்ளிகள். ஜே எழுத்துக்கு 8, கே எழுத்துக்கு 5. இரண்டு சில்லுகள் எழுத்தில்லாத வெற்றுச் சில்லுகள். தெரியாத சொல்லை ஊகிக்கும்போதும் ஈ, ஏ போன்ற எழுத்துகளை முதலில் சோதிப்பது பயன் தரும்.

அரிய எழுத்துகளுக்கு நம் வட்டாரச் சொற்களே உதவும். ஜே இருந்தால் 'ராஜா'. கே இருந்தால் மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'அமோக்', 'கிரிஸ்'. கியூ வந்து அதோடு சேரும் யூ இல்லையென்றால், அரபியிலிருந்து வந்த 'ஃபகீர்' என்பதை எஃப், ஏ, கியூ, ஐ, ஆர் என்று எழுதலாம். சாரோங், டுரியான், ரம்புத்தான் ஆகியவையும் ஆங்கில அகராதியில் உண்டு. கட்டுமரம், சுருட்டு, கறி, மாங்காய் ஆகிய தமிழ்ச் சொற்களிலிருந்து பிறந்த கேட்டமரான், செரூட், கறி, மேங்கோ ஆகியவையும் உண்டு.

வகுப்பறையிலும் வீட்டிலும்

பழைய அட்டைப் பெட்டியை 100 துண்டுகளாக வெட்டினால் எழுத்துச் சில்லுகள் தயார். தினமும் ஓர் ஊர்ப் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ எடுத்து, பத்து நிமிடம் சொல் தேடலாம். ஒவ்வோர் எழுத்தும் பெயரில் எத்தனை முறை உள்ளதோ அத்தனை முறை மட்டுமே பயன்படவேண்டும்.

கைப்பேசியில் எழுத்துகளைப் போட்டால் சொற்களைப் பட்டியலிடும் செயலிகள் பல உள்ளன. அவற்றைத் தேடல் முடிந்த பிறகு சரிபார்க்கப் பயன்படுத்துவதே நல்லது. புதிய சொல் கிடைத்ததும் அதன் பொருளை அகராதியில் பார்த்து, ஒரு வாக்கியத்தோடு நோட்டில் எழுதவேண்டும். பொருள் தெரியாத சொல் விளையாட்டில் புள்ளி தரும். தேர்வில் கட்டுரை எழுத உதவாது. நாளுக்கு மூன்று சொல் என்றாலும் ஓர் ஆண்டில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்துவிடும்.